பச்சைச் செருப்பும் வேலைச் சக்கரமும்: பெங்களூரின் ஒரு ஜப்பானியப் பள்ளியில் என் முதல் இரண்டு வாரம்

வெளிநாட்டு ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், விமானத்தில் சன்னலோர இருக்கை வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கடைசியில் எனக்குத் தேவைப்பட்டது தருமபுரி பேருந்து நிலையத்தில் அதிகாலை நாலரை மணி வண்டி மட்டும்தான். போன ஜூன் மாதம் பெங்களூரில் ஒரு ஜப்பானியப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தரப் போனேன். இங்கே வந்து வேலை பார்க்கும் ஜப்பானியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி. பிள்ளைகள் அத்தனை பேரும் ஜப்பானியர்கள், ஆசிரியர்களும் ஜப்பானியர்கள். என் பதவிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘வெளிநாட்டு ஆசிரியர்’. ஓசூரைத் தாண்டி முக்கால் மணி நேரத்தில் நான் வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டேன் பாருங்கள். இப்படிப்பட்ட வேலைக்கு முயற்சி செய்பவர்கள் சிலர் விவரம் கேட்டிருந்தீர்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு. பள்ளியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் கணேசன் பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். நான் தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. சனிக்கிழமை இரவு அவர் வருவார், ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். எங்கள் குடித்தனத்தில் பாதி பேருந்து நிலையத்திலேயே நடந்தது. சண்டை போடக்கூட நேரம் கிடைக்காது, பாதியில் வண்டி வந்துவிடும், மீதியைப் போனில் போட வேண்டும். தனியாக இருந்த மாலைகளில் பொழுது போகாமல் இணையத்தில் ஜப்பானிய மொழி படித்தேன், அதன் அடிப்படைத் தேர்வுகள் இரண்டையும் எழுதித் தேறினேன். அந்தத் தைரியத்தில்தான் விண்ணப்பம் போட்டேன்.

வீடியோவில் நேர்காணல் நடந்தது. தலைமையாசிரியர் ஒகாவா ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியானவர், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டுப் பேசுபவர். “இரண்டு வாரம் வந்து வேலை பாருங்கள். எங்களுக்கு உங்களைப் பிடிக்க வேண்டும், உங்களுக்கும் எங்களைப் பிடிக்க வேண்டும். அப்புறம் முடிவு செய்வோம்” என்றார். தருமபுரிப் பள்ளியில் இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தால் நானும் என் கணவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் பேருந்து நிலையம். இதுதான் என் நிலைமை.

தருமபுரியிலிருந்து பொம்மனஹள்ளி நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு காலை நாலரைக்கு ஏறி ஏழே முக்காலுக்கு இறங்கினேன். ஒரு விஷயம், ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலத்தில் ஏறிவிடும். அதில் உட்கார்ந்துவிட்டால் பொம்மனஹள்ளி உங்கள் காலுக்குக் கீழேயே கடந்து போய்விடும், மடிவாளாவில் இறங்கித் திரும்பி வர வேண்டும். கணேசன் நிறுத்தத்தில் கையில் குடையோடு நின்றார். மழை இல்லை. “பெங்களூரை நம்ப முடியாது மல்லி” என்றார். அவருடைய அறை மூன்றாவது மாடியில், ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, மாடிக்கு ஒரு குழாய். இரண்டு வாரத்துக்கு அதுவே எங்கள் மாளிகை.

திங்கட்கிழமை முதல் நாள் என்பதால் ஆட்டோவில் போனேன். பள்ளி அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், காலை நேரத்தில் ஐம்பது நிமிடம் ஆனது, இருநூற்று இருபது ரூபாய். ஓட்டுநர் அந்தோணி பெங்களூர்த் தமிழர், கண்டோன்மெண்ட் பக்கம் சர்ச் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவராம். போனில் முகவரியைக் காட்டியதும் கன்னடத்தில் ஆரம்பித்தவர், நான் விழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

“தமிழா மேடம்? மொதல்லயே சொல்றதில்ல? அது ஜப்பான்காரங்க ஸ்கூலாச்சே. இன்னா, ஆயாம்மா வேலையா?”

“டீச்சர் வேலை” என்றேன், கொஞ்சம் சூடாகவே.

“ஐயோ, சாரி மேடம். சும்னே கேட்டேன். நம்மாளுங்க அங்க வேற இன்னாத்துக்குப் போவாங்கன்னு நெனச்சிட்டேன்.”

காலையில் பூ வைத்து, இஸ்திரி போட்ட பருத்திப் புடவை கட்டி, கைப்பையில் சான்றிதழ்கள் அடுக்கிக்கொண்டு போகிறவளைப் பார்த்து ஆயாம்மாவா என்று கேட்டால் எரிச்சல் வருமா வராதா? வழி முழுக்க உர்ரென்றே உட்கார்ந்திருந்தேன். ஆயா வேலை கேவலம் என்பதால் இல்லை. அந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளி ஒரு பெரிய வீட்டைப்போல இரண்டு மாடிக் கட்டடம், முற்றத்தில் ஒரு சீதாப்பழ மரம். வாசலைத் தாண்டியதும் செருப்பு அலமாரி. தெருவில் போட்ட செருப்பு அதற்கு மேல் ஓர் அடி உள்ளே போகக்கூடாது. எல்லோருக்கும் உள்ளே போட மட்டும் தனியாக வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, அதற்குத் தனித்தனிக் கட்டம், கட்டத்தின் மேல் பெயர். எனக்குக் கட்டம் இல்லை. விருந்தினருக்கென்று வைத்திருந்த பச்சை ரெக்ஸின் செருப்பை ஒகாவா சென்செய் இரண்டு கையாலும் எடுத்து என் முன்னால் வைத்தார். (அங்கே ஆசிரியர்கள் எல்லோருமே ‘சென்செய்’தான், நானும் ‘மல்லிகா சென்செய்’ ஆகிவிட்டேன்.) என் கால் சின்னது, அந்தச் செருப்பில் இன்னொருத்தியும் கூட நிற்கலாம். நடந்தால் சளக் சளக் என்று சத்தம். இரண்டு மாடியிலும் நான் எங்கே வருகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வகுப்பு விஷயத்தில் நான் தயாராகப் போனதெல்லாம் வீண். நம்மூரில் உள்ளே நுழைந்ததும் ‘குட்...மார்னிங்...மிஸ்’ என்று ராகம் போட்டுப் பாடுவார்களே, அதை எதிர்பார்த்துச் சிரித்த முகத்தோடு நின்றேன். ஒரு பிள்ளை எழுந்து ஏதோ சொல்ல, எல்லோரும் சத்தமில்லாமல் எழுந்து குனிந்து வணங்கி உட்கார்ந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் குனிந்தேன், தலையில் இருந்த பூ மேஜைமேல் விழுந்தது. முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு வயது, காதோரம் வெட்டிய முடி, பெயர் மியோ. பூவை எடுத்து மோந்து பார்த்து, “இது சாப்பிடுவதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அன்று மதியம் நான் அலுவலகத்தில் படிவங்கள் நிரப்பிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் வராந்தா பளபள என்று முகம் தெரிகிற மாதிரி இருந்தது. படிக்கட்டின் மூலையில்கூடத் தூசி இல்லை. ஒகாவா சென்செய்யிடம், “இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, எத்தனை ஆயாக்கள் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, “இருபத்தாறு பேர்” என்றார்.

சாயங்காலம் கணேசனிடம் சொன்னேன். “இத்தினியூண்டு ஸ்கூலுக்கு இருபத்தாறு ஆயாவா? எங்க கம்பெனில ஆயிரம் பேருக்கு நாலு பேருதான். நல்ல காசுள்ள ஸ்கூலு மல்லி, உட்றாத” என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த இருபத்தாறு பேரையும் பார்த்தேன். ஒலிபெருக்கியில் ஒரு துள்ளலான இசை ஆரம்பித்தது. உடனே பிள்ளைகள் அத்தனை பேரும் தலையில் துணி கட்டிக்கொண்டார்கள், மேஜைகளைப் பின்னால் தள்ளினார்கள், வாளியும் துடைப்பமும் ஈரத்துணியுமாக நாலா பக்கமும் ஓடினார்கள். ஆசிரியர்களும் அப்படியே. இருபத்தொரு பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள், மொத்தம் இருபத்தாறு. ஒகாவா சென்செய் கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். சுவரில் ஓர் அட்டைச் சக்கரம் தொங்கியது. வெளி வட்டத்தில் எல்லோர் பெயரும், உள் வட்டத்தில் வேலைகளும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு கட்டம் திருப்புவார்கள், எந்த வேலை யார் பெயருக்கு நேராக வருகிறதோ அந்த வாரம் அது அவருடையது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நிமிடத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மியோ முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ்ஷுடன் கழிப்பறைக்குள் போனாள்.

இப்போது அந்தப் பழைய கணக்கைச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளியில் பெருக்குவதற்கும் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் அல்ல. டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்ப்பார், எங்கள் தெருப் பிள்ளைகள்மேல் வந்து அவர் கண் நிற்கும். எந்தத் தெரு என்று சொன்னால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும் ஊர் அது. கணக்கில் நான் நூறு வாங்கினாலும் வாளி என்னைத் தேடித்தான் வரும். ஒருநாள் அம்மா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார், அன்றோடு எனக்கு மட்டும் நின்றது, மற்றவர்களுக்கு நிற்கவில்லை. அதனால் ஒரு குழந்தை கழிப்பறை வாளியோடு போவதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் பதறும். நான் ஆசிரியை ஆன பிறகு என் வகுப்பில் ஒரு பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்ததில்லை.

யோசிக்கவே இல்லை. சளக் சளக்கென்று ஓடிப் போய் மியோவின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினேன். “நீ போம்மா, நீ போய் விளையாடு” என்று தமிழிலேயே சொன்னேன். புடவையை இழுத்துச் செருகி முழுக் கழிப்பறையையும் நானே தேய்த்துக் கழுவினேன். நன்றாகவே கழுவினேன், பழகிய கைதானே. வெளியே வந்தால் மியோ வாசலில் அப்படியே நிற்கிறாள். கையுறையைக் கழற்றவில்லை. சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“என்னுடைய வேலை” என்றாள். “நான் நன்றாகச் செய்யமாட்டேன் என்று நினைத்தீர்களா?”

அதோடு முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அன்றைய நல்லது கெட்டதைச் சொல்வது அங்கே வழக்கம். மியோ எழுந்து, என் பெயரைச் சொல்லாமல், “இன்று என் முறை எனக்குக் கிடைக்கவில்லை” என்றாள். ஆசிரியர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஒகாவா சென்செய் எல்லோரிடமும் சொல்கிற மாதிரி என்னிடமும் “களைத்திருப்பீர்கள்” என்று சொல்லிக் குனிந்து வணங்கினார். வேலை போச்சு என்று எனக்குத் தோன்றிவிட்டது. திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன்.

கணேசன் முதலில் சிரித்தார். “கக்கூஸ் கழுவ உடலன்னு ஒரு புள்ள அழுவுதா? என்னா ஸ்கூலு இது!” என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவரும் எங்கள் தெருதான், அவருக்கும் தெரியும். “நீ ஏன் புடுங்குனேன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னாத்தான தெரியும். போய்ச் சொல்லு. வேல போறதுன்னா, நீ சொன்னப்புறம் போவட்டும்” என்றார்.

புதன்கிழமை காலை சீக்கிரமே போய் ஒகாவா சென்செய்யிடம் சொன்னேன். அரைகுறை ஜப்பானியத்தில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவி, தெரு, சாதி, வாளி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

முடித்ததும், “அந்தப் பள்ளியில் உங்கள் ஆசிரியர் எந்த வேலை செய்வார்?” என்று கேட்டார்.

“யாரை அனுப்பலாம் என்று பார்ப்பார்” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை, சக்கரம்தான் திரும்புகிறது. ஆனால் இதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்களும் பாருங்கள், யோசியுங்கள்” என்றார். வேலை உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை.

மியோவிடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே மன்னித்துவிட்டாள், பிள்ளைகளுக்கு அதெல்லாம் லேசு. “அப்படியானால் எனக்கும் ஒரு வேலை கொடு, உன்கூடச் செய்கிறேன்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “முடியாது. நீங்கள் விருந்தாளி, பச்சைச் செருப்பு போட்டிருக்கிறீர்கள். விருந்தாளியை வேலை செய்ய விட்டால் எங்களுக்குத்தான் அவமானம்” என்றாள். பிறகு என்மேல் இரக்கப்பட்டு, அழுக்குத் தண்ணீரைச் சீதாப்பழ மரத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டும் உரிமையை மட்டும் கொடுத்தாள். ஏதோ விருது வாங்கினவள் மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். சக்கரத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதை அன்றுதான் கவனித்தேன். மார்ச்சில் ஊர் திரும்பிய ஆசிரியருடைய இடம் அது. வேலை அந்தக் கட்டத்துக்கு வந்தால் யாரும் இல்லாததால் ஒரு கட்டம் தள்ளித் திருப்புவோம் என்றாள் மியோ.

ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போனோம். பேருந்து மாறித்தான் போக வேண்டும். கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டுப் பந்தாவாக ஏறினேன். அது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்குத்தானாம். என் ஆதாரில் தருமபுரி என்று பார்த்ததும் நடத்துநர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சிவாஜிநகரில் நான் தேடிப் போனது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, அடிப்பாகமும் வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் கோடு விழும்.

கணேசனுக்கு இதில் சம்மதம் இல்லை. “வேலையே உறுதியாவல, அதுக்குள்ள ஷூவா? கெடைக்கலன்னா அதப் பாத்துப் பாத்து அழுவ” என்றார்.

“கெடைக்கலன்னா வாக்கிங் போவேன், வாங்க பேசாம” என்றேன்.

நாலு கடை ஏறி இறங்கினோம். கறிக்கடை வரிசையைத் தாண்டி ஒரு சந்தில் இருந்த கடைக்காரர் என் காலைப் பார்த்தார். “பெரியவங்க சைஸ்ல வெள்ள அடி வராதும்மா. உனுக்குப் பசங்க பீ.டி. ஷூவே சரியா இருக்கும், போட்டுப் பாரு” என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுகிற ஷூவை எடுத்துப் போட்டார். கச்சிதமாக இருந்தது. முந்நூற்று ஐம்பது சொன்னார், இருநூற்று எண்பதுக்கு முடித்தேன். கணேசன் அதற்குள் எதிர்க்கடையில் சூடான சமோசா வாங்கிவிட்டார். பேருந்து நிலையத்துச் சுவரோரம் நின்று இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையத்தில் நிற்கிறோம், யாரும் யாரையும் வழியனுப்பவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தன் பங்குச் சமோசாவில் பாதியை என் தட்டில் வைத்தார்.

ஷூவைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு இரண்டாவது வாரமும் பச்சைச் செருப்போடு சளக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வாரம் எனக்குப் பள்ளி பிடித்துப்போய்விட்டது, சொல்லாமல் இருக்க முடியாது. வராந்தாவில் ஈரத்துணியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடித் துடைப்பார்கள். யார் முதலில் என்று போட்டி வேறு. வேடிக்கை பார்ப்பதற்கு விருந்தாளிக்குத் தடையில்லை, கைதட்டி உசுப்பேற்றினேன். கழிப்பறை அந்த வாரம் ஷோதா என்ற பையனுடைய முறை. ஒருநாள் ஷோதாவின் அப்பா ஏதோ வேலையாக உள்ளே வந்தார், ஒரு பெரிய கம்பெனியில் மேலாளர். மகன் பிரஷ்ஷோடு நிற்பதைப் பார்த்தார். சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். அவர், “மூலையைத் தேய்த்தாயா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாப்பிடும்போது மியோ என் தயிர்சாதத்தைக் கையால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றாள். ஐந்து விரலிலும், இரண்டு கன்னத்திலும், மூக்கிலும்கூடத் தயிர். என் மடியில் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்று அப்போது முதன்முதலாகப் பயந்தேன். அதுவரை வீட்டுக்காக மட்டுமே வேலை வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அடுத்த வாரத்துக்காகச் சக்கரத்தைத் திருப்புவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது. திருப்புவது அந்த மாதம் மியோவின் பொறுப்பு. சக்கரத்தில் கை வைத்தவள், திருப்பாமல் திரும்பி நின்றாள்.

“ஒகாவா சென்செய், காலிக் கட்டத்தில் மல்லிகா சென்செய் பெயரை எழுதலாமா? எழுதினால் ஒரு கட்டம் திருப்புவேன். இல்லாவிட்டால் இரண்டு.”

ஒகாவா சென்செய் எழுந்து நின்றார். வழக்கமான அந்த நீண்ட இடைவெளி. அதற்குள் நான் மூன்று முறை செத்துப் பிழைத்தேன்.

“எங்கள் எல்லோருக்கும் சம்மதம். மல்லிகா சென்செய், நீங்கள் இருப்பீர்களா?”

“இருக்கிறேன்” என்றேன்.

மியோ தடித்த பேனாவால் என் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதினாள். என்னைக் கூப்பிட்டு அதற்குக் கீழே தமிழில் எழுதச் சொன்னாள். எழுதினேன். அவள் சக்கரத்தை ஒரு கட்டம் திருப்பிவிட்டு உரக்க வாசித்தாள். “வாசல், கென்தா. படிக்கட்டு, யூனா.” அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. “கழிப்பறை, மல்லிகா சென்செய்!”

முதல் வாரம் மியோ, இந்த வாரம் ஷோதா, அதற்கடுத்து என் கட்டம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, மார்ச் மாதத்திலிருந்து காலியாகக் கிடந்த இடம் அது. ஆனால் ஒகாவா சென்செய் முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்ன கதை அவருக்கு மட்டும்தானே தெரியும். சட்டென்று சக்கரத்துக்கு அருகே வந்து, என்னிடம் தாழ்ந்த குரலில், “இந்த ஒரு வாரம் இன்னொரு கட்டம் தள்ளித் திருப்பிவிடலாம். பிள்ளைகளிடம் நான் ஏதாவது காரணம் சொல்கிறேன்” என்றார்.

நல்ல மனிதர். அந்த நிமிடம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு எங்கள் டீச்சர் என்னைப் பார்த்து அனுப்பினார், இன்றைக்கு இவர் என்னைப் பார்த்து விலக்கு கொடுக்கிறார். இவர் செய்வது அன்பு. ஆனாலும் எனக்கு வேண்டியது யாரும் என்னைத் தனியாகப் பார்க்காத அந்தச் சக்கரம்தான்.

“வேண்டாம் சென்செய், திருப்பாதீர்கள். முறை முறைதான்” என்றேன்.

“மூலையைத் தேய்க்க வேண்டும்” என்றான் ஷோதா, ரொம்பப் பொறுப்பாக.

வாசலில் பச்சைச் செருப்பைக் கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்தேன். கைப்பையிலிருந்த வெள்ளை ஷூவை எடுத்து, மியோ காட்டிய கட்டத்தில் வைத்தேன். அன்று கொண்டாட்டமாக ஆட்டோ பிடிக்கலாம் என்று தெருமுனைக்கு வந்தால் அந்தோணியே நின்றுகொண்டிருந்தார்.

“டீச்சரம்மா! வேலை செட் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு. திங்கட்கிழமை கக்கூஸ் கழுவுற வேலை” என்றேன்.

அவர் ஆட்டோவைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தார். “இன்னா மேடம், டீச்சர்னு சொன்னீங்களே அன்னிக்கு?”

“டீச்சர்தான். அதுக்கு அடுத்த வாரம் எங்க ஹெட்மாஸ்டர் கழுவுவாரு.”

அந்தோணி ஆட்டோவைக் கிளப்பிச் சில்க் போர்டு சிக்னல் வரை வந்தார். அங்கே நின்றபோது, “எங்க சர்ச் ஸ்கூல்லயும் இப்பிடி ஒரு சக்கரம் மாட்டினா ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும் மேடம்” என்றார். சிக்னல் விழுந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார், பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மொழியில் அடிப்படைத் தேர்வுகளை முடித்துவிட்டுப் போங்கள், ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பெரியவர்களிடம் சமாளிக்கலாம், பிள்ளைகளிடம் முடியாது. பத்து நிமிடம் முன்னால் போனால்தான் அங்கே நேரத்துக்குப் போனதாக அர்த்தம், ஓசூர் ரோட்டை நம்பாமல் ஒரு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள். வெள்ளை அடி ஷூவைச் சிவாஜிநகரில் பிள்ளைகள் அளவில் தேடுங்கள். தலையில் பூ வைத்தால் ஊசி குத்திக்கொள்ளுங்கள். ஏதாவது பிடிக்கவில்லையென்றால், உள்ளே ஏதாவது வலித்தால், மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் போய்ச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் கையில் இருப்பதை மட்டும் கேட்காமல் பிடுங்காதீர்கள்.

அம்மாவிடம் போனில் வேலை கிடைத்ததைச் சொன்னேன், சக்கரத்தையும் சொன்னேன். கழிப்பறை என்றதும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அன்று பள்ளிக்கே வந்து சண்டை போட்டவர் ஆயிற்றே. ஆனால், “உனக்கு அடுத்த வாரம் யாரு?” என்று கேட்டார்.

“ஹெட்மாஸ்டர்.”

“அதுக்கு அடுத்த வாரம்?”

“ரெனுன்னு ஒரு பையன்மா. அவங்க அப்பா பெரிய டாக்டர்.”

“அப்படின்னா சரி” என்றார் அம்மா. “நல்லா கழுவு.”